குளிர் அங்கியின் உள்ளே இருக்கும் பஞ்சு: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வார இதழில், இந்நாட்டுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் வழிகாட்டும் நோக்கில் வெளியான குளிர்கால உடைகள் பற்றிய கட்டுரையை இருமுறை வாசித்தேன். சப்பாத்து, கையுறை, காதை மூடும் தொப்பி ஆகியவை பற்றி அதில் கூறப்பட்டவற்றோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால், வாத்துத் தூவி அடைத்த அங்கியைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம் என்றும், பொலியெஸ்ரர் பஞ்சு அடைத்தவை மலிவுப் பண்டங்கள், கனடாக் குளிரை அவை தாங்கமாட்டா என்றும் எழுதப்பட்டிருந்த பந்தி தவறானது. அது, கட்டுரையாளர் பரிந்துரைத்த அங்கிக்காக, கையிலுள்ள காசை எண்ணிச் செலவிடும் ஒரு மாணவரை 900 டொலர் கடனுக்குள் தள்ளிவிடவும் கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் 11 ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன். இங்கு வந்தபின் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமையால், ரொறன்ரோவில் குளிர் அங்கிகள் தைக்கும் ஒரு தொழிற்சாலையின் வெட்டும் பகுதியில் 19 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இந்த இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

முதலில், அங்கி எவ்வாறு உடலைச் சூடாக வைத்திருக்கிறது என்பதில் பலருக்கு இருக்கும் மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். கம்பளியோ, தூவியோ, பொலியெஸ்ரரோ தன்னளவில் சூட்டை உண்டாக்குவதில்லை. குளிரைத் தடுப்பதும் அவை அல்ல. தடுப்பது அவற்றுக்கிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், மீற்றருக்கும் கெல்வினுக்கும் ஏறத்தாழ 0.025 வொட். நீருடையது ஏறத்தாழ 0.6. அதாவது காற்று இருந்த இடத்தில் நீர் வந்து குடியேறினால், வெப்பம் 20 மடங்குக்கும் மேலான வேகத்தில் வெளியேறும். நார்களின் வேலை, காற்றைச் சிறுசிறு அறைகளில் அடைத்துவைத்து அதை ஓடவிடாமல் பிடித்திருப்பதும், உடலிலிருந்து கதிர்வீசும் வெப்பத்தை இடையில் மறிப்பதும் மட்டுமே. ஆகவே ஓர் அங்கியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி "உள்ளே என்ன இருக்கிறது?" என்பது அல்ல, "உள்ளே எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம், எந்த நிலையிலும் அசையாமல் நிற்கும்?" என்பதே.

இந்தக் காரியத்தில் வாத்துத் தூவி மிகச் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பறவையின் மார்பிலுள்ள அந்த மென்தூவிக்கு நடுத்தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் நுண்ணிழைகள் விரிகின்றன. 800 என்று தரம் குறிக்கப்பட்ட தூவியில் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம், 800 கன அங்குலம் இடத்தை நிரப்பும். அது 13 லீற்றர் கொள்ளும் பாத்திரத்துக்குச் சமம். அன்னத் தூவி பரப்பிய அணையைச் சங்கப் புலவர்கள் பாடியதில் வியப்பில்லை. உலர்ந்த நிலையில், நிறைக்கு நிறை ஒப்பிட்டால், இன்றுவரை செயற்கை நார் எதுவும் நல்ல தூவியை முந்தவில்லை.

உலர்ந்த நிலையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நனைந்தவுடன் அந்த நுண்ணிழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தூவி முழுவதும் சிறு உருண்டைகளாகச் சுருங்கிவிடுகிறது. காற்று போய்விடுகிறது, மீண்டும் விரிவதற்கு மணிக்கணக்கில் உலர்த்தவேண்டும்.

2013 டிசெம்பர் 21ஆம், 22ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் பெய்த உறைமழையை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மரக்கிளைகள் பளிங்குபோல் உறைந்து முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் இருந்தனர். அக்காலத்தில் என்னிடம் இருந்ததும் ஒரு தூவி அங்கிதான். மகன் முதற்சம்பளத்தில் வாங்கித்தந்தது. அதை அணிந்துகொண்டு, தனியே இருந்த அக்காவைப் பார்க்க அந்த மழையில் ஒரு மணி நேரம் நடந்தேன். திரும்பி வந்தபோது தோளிலும் கையிலும் இருந்த அறைகள் எல்லாம் வெறும் துணியாகத் தொங்க, ஒவ்வோர் அறையின் அடியிலும் நெல்லிக்காய் அளவில் ஓர் ஈர உருண்டை கிடந்தது. மின்சாரம் இல்லை; உலர்த்தும் இயந்திரம் இல்லை. மழை நின்றபின் வெப்பநிலை மேலும் இறங்கிய அந்த மூன்று நாள்களும், பாடசாலைக் காலத்தில் மகன் அணிந்து கைவிட்ட, முழங்கையில் ஒட்டுப் போட்ட பழைய பொலியெஸ்ரர் அங்கியைத்தான் நான் உடுத்தியிருந்தேன். அதுவும் நனைந்தது. ஆனால் உதறிக் கதவில் தொங்கவிட்டால் நீர் வடிந்து, உடற்சூட்டிலேயே பாதி உலர்ந்துவிடும்.

இதற்கான காரணம் எளிது. பொலியெஸ்ரர் நார் தனக்குள் நீரை ஏற்பதில்லை. சாதாரண ஈரப்பதனில் அது உறிஞ்சும் நீர் தன் நிறையில் 0.4 சதவீதம் அளவே. பருத்திக்கு இது 8 சதவீதம் அளவில் இருக்கிறது. நார்களுக்கு இடையில் நீர் தங்கத்தான் செய்யும். அதனால் நனைந்த செயற்கைப் பஞ்சு முழுச் சூட்டையும் தரும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆயினும் நார் விறைப்பை இழக்காமையால் பஞ்சின் தடிப்பு பெருமளவு அப்படியே நிற்கிறது. நீரை விரட்டும் பூச்சுப் பூசிய தூவியும் இப்போது விற்பனைக்கு வருகிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வின்னிபெக்கிலோ எட்மன்ரனிலோ குடியேறும் ஒருவருக்கு எழுதப்பட்டிருந்தால் கட்டுரையின் பரிந்துரையை நான் இவ்வளவு எதிர்த்திருக்கமாட்டேன். அங்குள்ளது வறண்ட குளிர். பனி தூளாக விழுந்து, தட்டினால் உதிர்ந்துவிடும். தென் ஒன்ராறியோவின் குளிர் வேறு. இங்கு குளிர்காலத்தின் பெரும்பகுதி பூச்சியப் பாகையைச் சுற்றியே ஊசலாடுகிறது. நவம்பரிலும் மார்ச்சிலும் மழையாகத் தொடங்கி, உறைமழையாக மாறி, ஈரப்பனியாக முடியும் நாள்கள் எத்தனை! பேருந்துத் தரிப்பில் நிற்பவர் மேல் வாகனங்கள் வாரியடிக்கும் சேற்றுப்பனியை எந்த வானிலை அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கும் மேலாக, வெளியிலிருந்து வரும் நீரைவிட உள்ளிருந்து வரும் நீர் பலவேளைகளில் அதிகம். வாசலில் குவிந்த பனியை அரைமணி நேரம் அள்ளிக் கொட்டியவர் தம் முதுகைத் தொட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

செயற்கைப் பஞ்சின் வரலாற்றையும் சற்றுப் பார்க்கவேண்டும். ஏனெனில் "மலிவுக்காகக் கண்டுபிடித்தது" என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது. பொலியெஸ்ரர் நாரை 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிக் காப்புரிமை பெற்றனர். அது முதலில் சட்டைத் துணியாகவும், பின்னர் தலையணைப் பஞ்சாகவும், அதன்பின் அங்கிப் பஞ்சாகவும் ஆனது. தொடக்ககாலப் பஞ்சு பருமனானது, பாரமானது, ஓரிரு குளிர்காலங்களில் தட்டையாகிவிடுவது. கட்டுரையாளர் மனத்தில் வைத்திருப்பது அந்தப் பஞ்சையே என்று நினைக்கிறேன். 1970களில் நாரின் நடுவில் துளை விட்டு உற்பத்தி செய்யும் முறை பரவியது. இதைத் தொழிற்சாலையில் முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்கு நம் ஊர் இலவம்பஞ்சுதான் நினைவுக்கு வந்தது. இலவம்பஞ்சின் ஒவ்வொரு நாரும் இயற்கையிலேயே உள்ளே வெறுமையான குழல். அதனால்தான் அது அவ்வளவு இலேசாகவும் நீரில் மிதப்பதாகவும் இருக்கிறது. அம்மா இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தடியால் அடித்ததும், உறங்கிக் கிடந்த பஞ்சு மீண்டும் பொங்கியதும், அசையாத காற்றை மீட்டெடுக்கும் வேலை அல்லாமல் வேறென்ன?

1979இல் 3எம் நிறுவனம் தின்சுலேற் என்ற பெயரில் நுண்ணார்ப் பஞ்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாரின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே நிறைக்கு நான்கு மடங்கு நீளமும் இரண்டு மடங்கு மேற்பரப்பும் கிடைக்கும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. மேற்பரப்பு கூடக் கூட, காற்று அசைவதற்கு இடம் குறையும். ஆகவே குறைந்த தடிப்பிலேயே கூடுதல் சூடு. பின்னர் 1980களில் அமெரிக்க இராணுவம், நனைந்தால் பயனற்றுப்போகும் தூவிக்கு மாற்று வேண்டும் என்று கேட்டதன் விளைவாக, நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி இன்ரர்நாஷனல் நிறுவனம் பிரைமலொஃப்ற் என்ற பஞ்சை உருவாக்கியது. தூவியைப்போலச் சுருங்கி விரியவும், தூவியைப்போல் அல்லாது நீரைத் தள்ளவும் கூடிய மிக நுண்ணிய பொலியெஸ்ரர் நார் அது. தேவை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்: ஈரக் குளிரில் பதுங்குகுழிக்குள் கிடக்கும் போர்வீரனிடமிருந்து. ஏழையின் பணப்பையிலிருந்து அல்ல.

இனித் தொழிற்சாலைப் பக்கம். எங்கள் வெட்டுமேசைக்கு இந்தப் பஞ்சு பாய்போல் சுருட்டப்பட்டு வரும். அதற்கு நிறுவனங்கள் எத்தனையோ பெயர் வைத்திருந்தாலும், தையல் வரிசையில் இருந்த நம் பெண்கள் எல்லாவற்றையும் "பஞ்சு" என்றே அழைத்தார்கள். சுருளின் நுனியில் ஓர் எண் இருக்கும்: 60, 80, 100, 133, 170, 200. அது ஒரு சதுர மீற்றர்ப் பஞ்சின் நிறை, கிராமில். அங்கியின் விதியைத் தீர்மானிப்பது அந்த எண்தான். உடற்பகுதிக்கு 133 என்றால் கைக்கு 100 அல்லது 80 வெட்டுவோம். கை மடங்க வேண்டுமே. நல்ல நிறுவனம் இதைக் கணித்துச் செய்யும். வேறு சில இடங்களில் முதுகுக்கு 100 போட்டு, யாருக்கும் தெரியாத பக்கவாட்டில் 40ஐச் செருகி முடித்துவிடுவதையும், பழுதுபார்க்கவென்று எங்கள் மேசைக்கு வந்த அங்கிகளைப் பிரித்தபோது கண்டிருக்கிறேன்.

பஞ்சு இரண்டு வகை. ஒன்று, சென்ரிமீற்றர்க் கணக்கில் நறுக்கிய குறுநார்களை விரித்து ஒட்டியது. மென்மையானது, தூவிபோல் தொங்கும், ஆனால் இடம்பெயரும் என்பதால் நெருக்கமாகத் தையல் போட்டுப் பிடிக்கவேண்டும். மற்றது, முறியாத நீளிழைகளாலானது. விறைப்பானது, உறுதியானது, ஓரங்களில் பிடித்தாலே போதும். தையல் கூடினால் என்ன என்று கேட்கலாம். தையல் விழும் கோட்டில் பஞ்சு நசுங்கி, அங்கே காற்றின் தடிப்பு ஏறத்தாழ இல்லாமற் போகிறது. அழகுக்காகக் கைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு தைத்த அங்கிகளை இப்போது இளைஞர் விரும்பி வாங்குகிறார்கள். ஒவ்வொரு கோடும் குளிருக்குத் திறந்துவிட்ட யன்னல் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கடைகளில் அங்கிகளின்மேல் தொங்கும் "மறை 30 பாகை" (-30 பாகை செல்சியஸ்) போன்ற அட்டைகளையும் உங்கள் கட்டுரை அப்படியே நம்பி எழுதியிருந்தது. உறக்கப்பைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசச் சோதனைமுறை உண்டு. நகரக் கடைகளில் விற்கப்படும் சாதாரண அங்கிகளில் உள்ள எண்ணோ உற்பத்தியாளர் தம் கணிப்பில் இடுவது. வேகமாக நடப்பவரின் உடல் சும்மா இருப்பவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். அப்படியானால் அந்த மறை 30 நடப்பவருக்கா, பேருந்துக்குக் காத்திருப்பவருக்கா? உடையின் வெப்பத்தடையை அளக்க 1941இல் காகி, பேர்ட்டன், பஸெற் என்ற மூவர் "குளோ" என்ற அலகை வகுத்தார்கள். 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள அறையில் அமைதியாக அமர்ந்திருப்பவருக்குப் போதுமான உடை 1 குளோ. மூவரில் பேர்ட்டன், பின்னாளில் நம் ஒன்ராறியோவின் லண்டன் நகரிலேயே உயிர்ப்பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர். நடைமுறையில், உடை எப்பொருளால் ஆனதாயினும் 1 சென்ரிமீற்றர்த் தடிப்புக்கு ஏறத்தாழ 1.6 குளோ என்று கொள்ளலாம். எனவே கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன், அங்கியின் முதுகையும் கையையும் பக்கவாட்டையும் இரு விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்துத் தடிப்பை உணர்ந்து பாருங்கள். பின் நசுக்கி விட்டு, எவ்வளவு விரைவில் எழும்புகிறது என்று பாருங்கள். அட்டையைவிட அது உண்மை பேசும்.

உட்பட்டியில் "100 சதவீதம் பொலியெஸ்ரர்" என்று இருக்கும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் இருக்காது. உள்ளே அடைத்த பொருள் பற்றி ஒன்ராறியோவில் தனியாகத் தைக்கப்படவேண்டியிருந்த பட்டியும் 2019 ஜூலை 1ஆம் திகதியோடு கட்டாயமில்லை என்றாகிவிட்டது. அந்தப் பட்டி கிராமைச் சொன்னதில்லை என்பது உண்மைதான். இருந்தும், பழைய கழிவுப் பஞ்சு அல்ல, புதிய பொருள் என்றாவது அது உறுதி சொன்னது. கிராம் எண்ணைக் கடைக்காரரிடம் கேளுங்கள், அல்லது நிறுவனத்தின் விவரத்தில் தேடுங்கள். என் அனுபவத்தில், நடந்து திரிபவருக்கு 60 முதல் 100 கிராம் பஞ்சும் உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் போதும். தரிப்பில் நீண்டநேரம் நிற்பவருக்கு உடற்பகுதியில் 170க்குக் குறையக்கூடாது, இடுப்புக்குக் கீழே இறங்கவும் வேண்டும். உள்ளாடையாகப் பருத்தி பெனியனை அணிந்துகொண்டு மேலே எவ்வளவு விலையுயர்ந்த அங்கியைப் போட்டாலும், வியர்வையை அது பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிர்விக்கும். நம் பிள்ளைகள் ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவருவது அதைத்தான்.

செயற்கைப் பஞ்சுக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்தால் நானும் விளம்பரம் எழுதியவனாவேன். அதே சூட்டுக்கு அது தூவியைவிடப் பாரம். நன்றாகப் பேணினால் தூவி அங்கி பல ஆண்டுகள் உழைக்கும். பொலியெஸ்ரர் பஞ்சு நசுங்கி நசுங்கித் தன் பொங்கியெழும் தன்மையைச் சிறுகச் சிறுக இழக்கும். கோடையில் காற்றை உறிஞ்சும் பைகளில் போட்டு இறுக்கி வைப்பவர்கள் அந்த இழப்பைத் தாங்களே விரைவுபடுத்துகிறார்கள். 70, 80 பாகையளவில் பொலியெஸ்ரர் இளகத் தொடங்குவதால், உலர்த்தும் இயந்திரத்தைக் கடுஞ்சூட்டில் ஓட்டுவதும் அங்கிமேல் இஸ்திரிக்கை வைப்பதும் நாரின் சுருளை நிரந்தரமாக அழித்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். 250 பாகைக்குச் சற்று மேலே அது உருகும். உருகினால் தோலில் ஒட்டும். ஆகவே அடுப்பங்கரையிலும் கோயில் கற்பூரத் தட்டுக்கு முன்பும் கைப்பகுதியை விலக்கிப் பிடிப்பது நல்லது.

பெரிய குறை வேறொன்று. 2016இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 கிலோ பொலியெஸ்ரர்த் துணியை ஒருமுறை இயந்திரத்தில் கழுவினால் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்ணிழைகள் கழிவுநீரில் கலக்கக்கூடும் என்று மதிப்பிட்டனர். பழைய பிளாஸ்ரிக் போத்தல்களிலிருந்து செய்த நார் என்று பெருமையாகச் சீட்டு ஒட்டினாலும் இந்த உதிர்வு நிற்பதில்லை. இதற்கு என்னிடம் உள்ள விடை சிறியது: அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, முழு அங்கியையும் பருவத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். எங்கள் தையல் வரிசையில் விரதம் தவறாத சைவர் பலர் இருந்தார்கள். கோயிலுக்குப் போட்டுச்செல்லும் அங்கிக்குள் பறவையின் தூவி இருக்கிறதா என்று அவர்கள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தூவி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் வாத்து, தாரா ஆகியவற்றிலிருந்து வருவது. சில இடங்களில் உயிரோடு பிடுங்கப்பட்டதும் உண்டு. எதை உடுப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால், வேறு வழியே இல்லை என்று ஒரு பத்திரிகை சொல்லும்போது, மனம் ஒப்பாமல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

ஜனவரிப் பருவத்துக்கான மாணவர்கள் இன்னும் சில வாரங்களில் வந்திறங்கத் தொடங்குவார்கள். அவர்களை விமானநிலையத்திலிருந்து நேரே கடைக்கு அழைத்துச் செல்லும் உறவினர்கள் உங்கள் பத்திரிகையை வெட்டிக் கையில் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனெனில் என் மருமகளும் அப்படித்தான் வைத்திருக்கிறாள். ஆகவே அதற்குமுன் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் தாம் அணிந்து பார்த்துப் பரிந்துரைத்ததாக எழுதிய அந்த 900 டொலர் அங்கியின் பக்கவாட்டிலும் கையிலும் உள்ளே என்ன, எவ்வளவு இருந்தது என்பதையும் அதே திருத்தத்தில் தெரிவித்தால் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
ஸ்காபரோ.